திருகோணமலையில் முழுக்காசுக்கு வீடு வாங்குகிறவர் விலை பேசுவது எப்படி?

கட்டாரில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. திருகோணமலை உவர்மலையில் 14 பேர்ச் வளவோடு ஒரு பழைய வீடு பார்த்து வைத்திருக்கிறார். சொந்தக்காரர் 2 கோடியே 80 இலட்சம் சொல்கிறார். தம்பிக்கு வங்கிக் கடன் தேவையில்லை, முழுக்காசும் இருக்கிறது. "முழுக்காசு என்றால் கால்வாசியை அடித்துப் பேசலாம்" என்று தரகர் சொன்னாராம். அது சரிதானா, எப்படிப் பேச வேண்டும் என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. கையில் காசு இருப்பதற்காக விற்கிறவர் எவ்வளவு விட்டுக் கொடுப்பார் என்பது ஒன்று. வங்கியை நடுவில் வைக்காமல் வாங்கும்போது நமக்கு எது இல்லாமல் போகிறது என்பது மற்றது. இரண்டாவதைத் தம்பி கேட்கவில்லை, ஆனால் முதலாவதன் விடை அதில்தான் தங்கியிருக்கிறது.

நான் திருகோணமலையில் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உறுதிகளும் மதிப்பீட்டு அறிக்கைகளும் தினமும் என் மேசைக்கு வந்து போயின. சட்டத்தரணி அல்ல, கட்டடப் பொறியியலாளரும் அல்ல. அந்த இரண்டு விஷயத்திலும் நான் சொல்வதை வைத்துக்கொண்டு முடிவெடுக்காமல், உரியவர்களிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள்.

விற்கிறவர் முழுக்காசுக்காரரை ஏன் விரும்புகிறார் என்பதில் தொடங்குவோம். கடன் எடுத்து வாங்குகிறவர் விலைக்குச் சம்மதித்த பிறகுதான் வங்கிக்கு வருகிறார். வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பும். வங்கியின் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் 30 வருடத் தேடல் செய்து உரித்து அறிக்கை தருவார். சபையில் எடுத்த சான்றிதழ்கள், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், வாங்குகிறவரின் வருமானம் எல்லாம் பார்த்து அனுமதி வந்து, ஈட்டு உறுதி எழுதித்தான் காசு வெளியே வரும். எல்லாம் சரியாக நடந்தாலே வாரக்கணக்கு, பல வேளைகளில் மாதக்கணக்கு. கடைசி நேரத்தில் மதிப்பீடு குறைந்து வந்தால், "மிச்சத்தைக் கையால் போட முடியாது" என்று வாங்குகிறவரே விலகுவார். அதற்குள் விற்கிறவர் வேறு ஆட்களைத் திருப்பி அனுப்பியிருப்பார். முழுக்காசு இந்தக் காத்திருப்பையும் இந்தப் பயத்தையும் இல்லாமல் செய்கிறது. அது செய்வது அவ்வளவுதான். ஆகவே காத்திருப்பதால் விற்கிறவருக்கு எவ்வளவு நட்டமோ, அந்த அளவுக்குத்தான் உங்கள் காசுக்குத் தனிப் பெறுமதி.

அவசரமே இல்லாதவரிடம் முழுக்காசு என்று சொன்னால், "அப்படியா, நல்லது, விலை 2 கோடியே 80 தான்" என்பார். அதுவும் நம்முடைய ஊரில் முழுக்காசுக்காரர் அபூர்வப் பிறவி இல்லை. கனடா, லண்டன், சுவிஸ், மத்திய கிழக்கு என்று வெளியில் உழைத்த காசோடு வீடு தேடுகிறவர்கள் உவர்மலையிலும் உப்புவெளியிலும் நிறையப் பேர். சொந்தக்காரர் உங்களுக்கு முன்னமே அப்படி இரண்டு பேரைக் கண்டிருக்கக்கூடும்.

இனி எண். காசு கையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விலை குறைந்ததை நான் கண்டது பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். உங்கள் வீட்டுக்கு அது ஒரு 14 இலட்சம். சில வேளை அதற்குக் கொஞ்சம் மேலே போகும். இது கணக்கெடுப்பு இல்லை, கண்டவற்றை வைத்துச் சொல்லும் மதிப்பு மட்டுமே. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: ஒருவர் கால்வாசி விலையை, அதாவது 70 இலட்சத்தை, விட்டுத் தருகிறார் என்றால் அது உங்கள் காசைப் பார்த்துத் தருவது இல்லை. ஒன்றில் முதலில் சொன்ன விலையே ஊதிய விலை. இல்லாவிட்டால் வங்கிக் கடன் கிடைக்காத வீடு அது. இரண்டாவது என்றால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

சொந்தக்காரர் சொல்வதில் இருந்து குறைத்துப் பேசுவதை விட, வீட்டின் உண்மையான விலையைத் தெரிந்துகொண்டு அங்கிருந்து பேசுவதுதான் சரி. அதைத் தெரிந்துகொள்வது இங்கே லேசு இல்லை. இணையத்தில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை இல்லை. பக்கத்து வீட்டு உறுதியில் எழுதியிருக்கும் தொகையையும் நம்ப முடியாது, முத்திரைத் தீர்வைக்காகப் பலர் குறைத்தே எழுதுகிறார்கள். வங்கிகள் பயன்படுத்தும் தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை நீங்களே கட்டணம் கொடுத்து அழையுங்கள். அறிக்கையில் காணிக்கு ஒரு பெறுமதி, கட்டடத்துக்கு ஒரு பெறுமதி என்று பிரித்துத் தருவார். பழைய வீட்டில் விலையின் பெரும்பகுதி காணிதான் என்பது அதைப் பார்த்தால் விளங்கும். சொந்தக்காரர் "தேக்குக் கதவு, அந்தக் காலத்துக் கட்டு" என்று சொல்லும்போது அதை மறுக்கத் தேவையில்லை, அந்தக் கதவுக்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். அறிக்கையில் சந்தைப் பெறுமதி, கட்டாய விற்பனைப் பெறுமதி என்று இரண்டு தொகை இருக்கும். இரண்டாவது, கடன் கட்டாமல் போனால் வீட்டை அவசரமாக விற்றால் என்ன வரும் என்று வங்கி பார்க்கும் தொகை. சிலர் அதை எடுத்துக் காட்டி, "உங்கள் வீடு இவ்வளவுதான்" என்று பேரம் பேசப் பார்க்கிறார்கள். அது பிழையான கணக்கு, விஷயம் தெரிந்த சொந்தக்காரர் கோபப்பட்டு எழுந்துவிடுவார். நீங்கள் பேச வேண்டியது சந்தைப் பெறுமதியை.

அப்புறம், ஏன் விற்கிறார்கள் என்று தேட வேண்டும். தரகரிடம் மட்டும் கேட்காதீர்கள். மூலைக் கடைக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, கோயிலில் காணும் பெரியவர்கள் ஆகியோருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கனடாவில் இருந்து விற்கவென்றே வந்து, திரும்பிப் போக ரிக்கெட் போட்டு வைத்திருப்பவருக்குத் திகதிதான் முக்கியம். சகோதரர்கள் நான்கு பேர் பங்கு பிரிக்கக் காத்திருந்தால், நால்வருக்கும் ஒரே நாளில் காசோலை கிடைப்பது முக்கியம். வீடு வங்கியில் ஈட்டில் இருந்து வட்டி ஏறிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு மாதமும் அவருக்கு நட்டம். அங்கே முழுக்காசுக்காரருக்கு நல்ல பலம். மிச்சக் கடனை நேரே வங்கிக்குக் கட்டி, ஈட்டை மீட்டு, அன்றே உறுதியை எழுத உங்களால் முடியும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் பாலையூற்றில் வீடு வாங்கியதைச் சொல்கிறேன். விற்றவர்கள் வயதான தம்பதி, கொழும்பில் மகளோடு போய் இருக்கப் போகிறவர்கள். இரண்டு தரம் போய் விலை பேசியும் அசையவில்லை. மூன்றாம் தரம் போனபோது அந்த அம்மா, "தைப்பொங்கலை இந்த முற்றத்திலதான் பொங்கிப்போட்டுப் போகோணும்" என்று சொன்னது ஆசிரியரின் காதில் விழுந்தது. அப்போது ஐப்பசி மாதம். "உறுதியை இப்போது எழுதுவோம், முழுக்காசையும் இப்போதே தருகிறேன். நீங்கள் தை கடைசி வரை இருங்கள், வாடகை வேண்டாம்" என்றார். கையில் காசும் வந்து, போகும் திகதியும் அவர்களுடையதாக ஆனபோது அது வரை அசையாத விலை இறங்கியது. குடியிருக்கும் கால எல்லையை எழுத்தில் போட்டுத்தான் செய்தார்கள், அது முக்கியம். கடனில் வாங்குகிறவருக்கு இது கஷ்டம், அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும். உங்களால் கொடுக்கக்கூடியது இந்த மாதிரி வசதி. எதைக் கொடுக்கலாம் என்று விற்கிறவரின் வாயில் இருந்துதான் அறியலாம். ஆகவே முதல் இரண்டு சந்திப்பிலும் குறைவாகப் பேசி, நிறையக் கேளுங்கள்.

விலை சொல்லும்போது தொகையோடு திகதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். "2 கோடியே 50 தருகிறேன்" என்பது வெறும் பேரம். "உரித்து சுத்தம் என்று என் சட்டத்தரணி சொன்ன நாளில் இருந்து 14 நாளில் முழுத் தொகைக்கும் வங்கி ட்ராஃப்ட், 2 கோடியே 50" என்பது கையில் பிடிக்கக்கூடிய பேச்சு. உங்கள் கணக்கில் அந்தத் தொகைக்குக் காசு இருக்கிறது என்று வங்கியிடம் கடிதம் வாங்கி வையுங்கள். ஆனால் முழு மீதியையும் காட்டும் கடிதத்தைக் காட்டாதீர்கள், மூன்று கோடி இருப்பதைக் கண்டால் பேச்சு அதோடு நிற்கும். தரகரிடமும் உங்கள் உச்ச விலையைச் சொல்ல வேண்டாம். தரகு விலையில் இருந்துதான் வருகிறது, விலை ஏறினால் அவருக்கு நட்டமில்லை. தரகு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுங்கள்.

வீட்டைக் குறை சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. "இதெல்லாம் இடித்துத்தான் கட்ட வேணும்" என்று அவர்கள் பிள்ளைகளை வளர்த்த வீட்டின் நடுக்கூடத்தில் நின்று சொன்னால், விலை குறையாது, மனம்தான் முறியும். குறை இருந்தால் அதற்கான செலவைக் கொண்டு போங்கள். கடற்காற்று படும் வீடுகளில் கூரைத் தட்டின் அடிப்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும்போது பூச்சு பொருமி, கம்பி ஓடும் நேரிலேயே நீளமாக வெடிக்கும். மேலே வர்ணம் பூசி மறைத்திருந்தாலும், தடியால் தட்டினால் நல்ல இடமும் பொருமிய இடமும் வேறு வேறு சத்தம் தரும். அப்படி இருந்தால் பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிப் போய்த் திருத்தச் செலவை எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை மரியாதையாக மேசையில் வைத்து, "ஐயா, வாங்கியவுடன் எனக்கு இந்தச் செலவு இருக்கிறது" என்றால் பெரும்பாலானவர்கள் பாதியையாவது ஒத்துக்கொள்வார்கள். கிணற்றுத் தண்ணீரை ஆவணி வெயிலில் குடித்துப் பாருங்கள், உவர் அப்போதுதான் தெரியும். வெள்ளத்தை ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் அறியலாம். லீவு அந்த நேரத்தில் கிடைக்காவிட்டால் மதிலில் பழைய தண்ணீர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள், அயலவரையும் கேளுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கடன் எடுத்து வாங்குகிறவருக்கு, அவர் கேட்காமலே, வங்கி ஒரு காவல் வேலை செய்கிறது. மதிப்பீட்டாளரும் சட்டத்தரணியும் தங்கள் வங்கியின் காசைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள், அதில் வாங்குகிறவரும் காப்பாற்றப்படுகிறார். "இந்த உறுதிக்குக் கடன் தர முடியாது" என்று நாங்கள் திருப்பி அனுப்பியபோது எங்களைத் திட்டிக்கொண்டு போனவர்கள் பலர். அந்த வீடுகளில் சில, கொஞ்ச நாளில் முழுக்காசுக்காரர் ஒருவருக்கு மலிவாகப் போனதையும் கண்டிருக்கிறேன். உங்களிடம் கால்வாசி குறைத்துத் தருகிறேன் என்பவர் அப்படிப்பட்ட வீட்டை வைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டியது நீங்கள்தான், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

நம்முடைய பகுதியில் அடிக்கடி கண்டவற்றைச் சொல்கிறேன். கிழக்கில் வீடு பெரும்பாலும் மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதப்படும். அதில் தாய் தகப்பன் ஆயுள் உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள். மகள் மட்டும் கையெழுத்து வைத்து விற்றால், பெற்றோர் உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவர்களுடையதே. அவர்களும் கையெழுத்து வைக்க வேண்டும். விற்பவர் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்ட மணமான பெண் என்றால் கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். அடுத்தது அரச காணி. நகரத்தைச் சுற்றி இப்போது வீடுகள் நிறைந்திருக்கும் பல இடங்கள் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகவோ ஜெயபூமி போன்ற அளிப்பாகவோ கொடுக்கப்பட்டவை. பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அவற்றை விற்றால் அந்த விற்பனை செல்லாது. நொத்தாரிசு முன்னால் எழுதி முத்திரை ஒட்டினாலும் செல்லாதது செல்லாததுதான். மூன்றாவது, இடப்பெயர்வு. சொந்தக்காரர் சண்டைக் காலத்தில் ஊரை விட்டுப் போக, வேறொருவர் பல வருடம் இருந்து, "பத்து வருடம் தாண்டிவிட்டது, ஆட்சியால் எனக்கு உரித்து" என்று விற்க வருவார். 1983 முதல் 2009 வரையான காலத்தில் இடம்பெயர்ந்தவர்களின் காணி விஷயத்தில் இந்தப் பத்து வருடக் கணக்குக்கு எதிராக 2016 இல் ஒரு சிறப்புச் சட்டமே வந்தது. அத்தகைய காணியில் எவ்வளவு மலிவு என்றாலும் விலை பேசத் தொடங்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்காக ஒருவர் அற்றோர்னித் தத்துவத்தோடு வந்தால், அந்தச் சொந்தக்காரரோடு வீடியோவில் நீங்களே கதையுங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் அதோடு முடிந்துவிடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாகப் பார்க்கிறவர்கள், கடலில் இருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதையும் அங்கே கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவற்றில் சில, விலையில் தீர்க்கக்கூடியவை. கட்டட வரைபடம் அங்கீகாரம் பெறாதது, சோலைவரி நிலுவை, பழைய நில அளவைப் படம், பெயர் மாற்றாமல் விட்டது போன்றவற்றுக்குச் செலவும் அலைச்சலும் எவ்வளவு என்று கணக்கிட்டு விலையில் கழிக்கலாம். "இதற்கு வங்கி கடன் தராது ஐயா, முழுக்காசுக்காரர்தான் உங்களுக்கு வழி" என்று அந்த இடத்தில் தைரியமாகச் சொல்லலாம், அது உண்மையும்கூட. உரித்தே பிழை என்றால் அது விலையில் தீராது.

விலை ஒத்துவந்ததும் அவசரப்பட்டு வெள்ளைத் தாளில் எழுதி அட்வான்ஸ் கொடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்பது மட்டும் இல்லை, விற்பேன் என்ற உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சும் வெள்ளைத் தாளும் அந்த உடன்படிக்கையாகாது, நாளைக்கு ஒருவர் கூடக் கொடுத்தால் சொந்தக்காரர் அங்கே போய்விடுவார். உரித்து சரியில்லை என்று கண்டால் முற்பணம் இத்தனை நாளில் திரும்ப வர வேண்டும் என்ற வரி உடன்படிக்கையில் இருக்கட்டும், அதைக் காணிப் பதிவகத்தில் பதியவும் செய்யுங்கள். சட்டத்தரணி உங்களுடையவராக இருக்க வேண்டும். விற்கிறவரின் ஆளையே இருவருக்கும் வைத்துச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

காசு விஷயத்தில் ஒன்று. முழுக்காசு என்றால் பையில் கட்டுக்கட்டாகக் கொண்டு போவது என்று யாரும் நினைக்க வேண்டாம். 10 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் புழங்கினால் வங்கி அதை மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும். கட்டாரில் இருந்து வங்கி வழியாக அனுப்பி, அனுப்பிய பற்றுச்சீட்டுகளை வைத்திருந்து, உறுதி எழுதும் அன்று வங்கி ட்ராஃப்ட் கொடுங்கள். அதன் இலக்கத்தை நொத்தாரிசு தன் அத்தாட்சிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். காசு கொடுத்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பேச்சின் கடைசியில், "உறுதியில் குறைத்துப் போடுவோம், உங்களுக்கும் முத்திரைக் காசு மிச்சம்" என்று விற்கிறவர் சொல்ல வாய்ப்பு உண்டு. 2018 ஏப்ரலில் மூலதன ஆதாய வரி திரும்ப வந்ததால் அவருக்கும் அதில் இலாபம் இருக்கலாம். முத்திரைத் தீர்வை பொதுவாக முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 2 கோடியே 60 இலட்சத்துக்கு முடித்தால் 10 இலட்சத்து 39 ஆயிரம் ரூபாய், அது வாங்குகிறவர் தலையில். கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் குறைத்து எழுதுவது குற்றம். அதோடு, நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்கள் கொள்விலை குறைவாகத் தெரிந்து வரி உங்களுக்குக் கூடும். நமது ரோமன் டச்சுச் சட்டத்தில், உண்மைப் பெறுமதியின் அரைவாசிக்கும் குறைவான விலைக்கு விற்றவர் அந்த விற்பனையை நீக்கக் கேட்டு வழக்குப் போட வழி உண்டு. உறுதியில் ஒரு கோடி என்று எழுதி வைத்தால் அந்த வழக்குக்கான சாட்சியை நீங்களே அவர் கையில் கொடுத்ததாகிவிடும். தொடக்கத்தில் இருந்தே இந்தத் தீர்வையையும் நொத்தாரிசு கட்டணத்தையும் உங்கள் செலவுக்குள் போட்டு, அதற்கேற்ற விலையைப் பேசுங்கள். உறுதி எழுதிய பின் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால் முதலில் பதிந்ததற்கே முன்னுரிமை.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை விட்டவர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் அவர்கள் காணி வாங்குவதைத் தடுக்கிறது, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடை இல்லை. தம்பி கட்டாரில் வேலைக்குத்தான் போயிருக்கிறார், ஆகவே அவருக்குப் பிரச்சினை இல்லை.

உங்கள் வீட்டுக்கு வந்தால், தம்பி, இந்தக் கிழமை விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், கடைசிச் சோலைவரிப் பற்றுச்சீட்டு மூன்றையும் கேளுங்கள். முகம் கோணாமல் இரண்டு நாளில் தந்தால் மதிப்பீட்டாளருக்குக் காசு செலவழிக்கலாம். "முதலில் அட்வான்ஸ், பிறகு உறுதி" என்றால் அதோடு விட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள்.